அப்பாவின் வேண்டாம் பட்டியல்

இருபத்திரண்டு வருடமாகத் துணி தைக்கிறேன். ஒருவர் கடைக்குள் வந்தால் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே தோள் எவ்வளவு, இடுப்பு எவ்வளவு என்று கண் தானாக அளந்துவிடும். ஆனால் சொந்த அப்பாவை மட்டும் அப்படிப் பார்த்ததே இல்லை. போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, "பேன்ட் தரையைக் கூட்டுது பாப்பா, கொஞ்சம் மடிச்சுக் குடு" என்றார். அவரை ஸ்டூல் மேல் நிறுத்திவிட்டு நான் கீழே உட்கார்ந்தேன். வலது கால் முடிந்தது. இடது காலில் குண்டூசி குத்தும்போது என் விரல் ஆடுதசையில் லேசாகத்தான் பட்டது. "ஆ" என்று காலை இழுத்துக்கொண்டார்.

பேன்ட்டைத் தூக்கிப் பார்த்தேன். முழங்காலுக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு ஊதா நிறத்தில் கன்றிப்போயிருந்தது. ஓரமெல்லாம் மஞ்சள். அதைச் சுற்றிப் பொடிப்பொடியாகச் சிவப்புப் புள்ளிகள்.

"எங்கே இடிச்சீங்க?"

"எங்கேயும் இடிக்கலையே."

எழுபத்து நான்கு வயது. அம்மா போனதிலிருந்து தனியாக இருக்கிறார். எங்காவது இடித்துக்கொண்டு மறந்திருப்பார் என்று நானும் நினைத்தேன். அதைவிட மோசம், கோபித்துக்கொண்டேன். அன்றே கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு. கட்டைவிரலில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தார். ஒரு மாதத்துக்கு முன் கத்தி கீறிய காயமாம், இன்னும் ஆறவில்லை. மதியமே போய்ப் படுத்துக்கொள்கிறார். படியேறினால் மூச்சு வாங்குகிறது. எல்லாவற்றுக்கும் சேர்த்து நாங்கள் ஒரே பதில் வைத்திருந்தோம்: வயசு.

முதலில் பார்த்த மருத்துவரும் அதையே சொன்னார். இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடுகிறார், அதனால் தோலுக்குள் ரத்தம் கசியலாம் என்றார். நியாயமான பேச்சுதான். அடுத்த வாரம் அந்தக் கால் வீங்கியது. நாளத்துக்குள் ரத்தம் உறைந்திருக்குமோ என்று பயந்து வேறு ஓரிடத்தில் ஸ்கேன் எடுத்தோம். உறைவு எதுவும் இல்லை. ரத்தப் பரிசோதனையில் பிளேட்லெட் சரியாக இருந்தது, ரத்தம் உறையும் நேரமும் சரியாக இருந்தது. ஹீமோகுளோபின் மட்டும் குறைவு. கையில் ஒரு கத்தைத் தாள், பதில் மட்டும் இல்லை. அண்ணன் போனில் ரத்தப் புற்றுநோய் என்று ஏதோ படித்துவிட்டு இரண்டு நாள் தூங்கவில்லை.

கடைசியில் ஒரு தோல் மருத்துவர்தான் கண்டுபிடித்தார். என் மகள் வயதுதான் இருக்கும். தாள்களை ஓரமாக வைத்துவிட்டு, ஒரு பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு அப்பாவின் காலருகே உட்கார்ந்தார். ஐந்து நிமிடம் பேச்சே இல்லை. அப்புறம் என்னைக் கூப்பிட்டு, "இங்கே பாருங்க" என்றார்.

பார்த்தேன். நான் குழந்தையிலிருந்து பார்த்த கால்தான். ஆனால் ஒவ்வொரு முடியின் வேரைச் சுற்றியும் ஊசிமுனை அளவுக்கு ஒரு ரத்தப் பொட்டு. முடிகள் நேராக இல்லை. பாபினில் தப்புச் சுற்று விழுந்த நூல் மாதிரி சுருண்டு சுருண்டு, சில தோலுக்குள்ளேயே மடங்கிக் கிடந்தன.

"ஐயா, நேத்து என்ன சாப்பிட்டீங்க?"

"டீ, ரொட்டி. மத்தியானம் முட்டை, ரொட்டி. ராத்திரி பால், பிஸ்கட்."

"முந்தாநாள்?"

"அதேதான்."

"போன மாசம்?"

அப்பா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"ஸ்கர்வி மாதிரி தெரியுது" என்றார் மருத்துவர். வைட்டமின் சி பற்றாக்குறை முற்றிப்போய் வரும் நோய். பள்ளிக்கூடத்தில் ஒரு மார்க் கேள்வி: எந்த வைட்டமின் குறைந்தால் ஸ்கர்வி? ஒரு மார்க் வாங்கியதோடு மறந்துபோன சொல். "அதுல ஈறுல ரத்தம் வருமே, அப்பாவுக்கு வரலையே?" என்று கேட்டேன். அவர் அப்பாவின் வாயைக் காட்டினார். அப்பாவுக்கு மேலும் கீழும் பல்செட். ஈறு வீங்கி ரத்தம் கசிவது பல் இருக்கிற இடத்தில்தான். பல்லே இல்லாதவர்களுக்கு அந்த அடையாளம் வராதாம். எல்லோருக்கும் தெரிந்த ஒரே அறிகுறி, அது வரவே முடியாத வாய்.

ரத்தத்தில் வைட்டமின் சி அளவு பார்க்க மாதிரி எடுத்தார்கள். வெளிச்சமும் சூடும் பட்டாலே அது சிதைந்துவிடும் என்பதால் குழாயை மூடி, குளிரில் வைத்து அனுப்பினார்கள். முடிவு வரச் சில நாள் ஆகும், அதற்குள் மாத்திரையை ஆரம்பித்துவிடுவோம் என்றார். மூன்றாம் நாள் காலை அப்பாவே போன் செய்தார். "கால் குடைச்சல் குறைஞ்சிருக்கு. தெருமுனை வரைக்கும் நடந்துட்டு வந்தேன்." சோர்வும் வலியும் இரண்டு மூன்று நாளிலேயே விட ஆரம்பிப்பது இந்த நோயின் வழக்கமாம். ஊதாக் கறை மறைய இரண்டு வாரத்துக்கு மேல் ஆயிற்று. முழுக்கத் தேற மூன்று மாதம்.

என்னைக் குடைந்த கேள்வி வேறு. அப்பா பட்டினி கிடக்கவில்லை. மூன்று வேளையும் வயிறு நிறையத்தான் சாப்பிட்டார். அப்புறம் எப்படி?

அடுத்த ஞாயிறு, அளவு எழுதும் நோட்டையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு அவர் எதிரே உட்கார்ந்தேன். என்னென்ன சாப்பிடுவதில்லை, யார் சொல்லி எப்போது நிறுத்தினீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினேன்.

பழம் எல்லாமே வேண்டாம்: சர்க்கரை நோய் என்று தெரிந்த வருடம், அவராகவே முடிவெடுத்தது. ஆரஞ்சும் எலுமிச்சையும் வேண்டாம்: நெஞ்செரிச்சல். போதாததற்கு, கொழுப்பு மாத்திரையோடு கிரேப்ஃப்ரூட் சேரக்கூடாது என்று எங்கோ கேள்விப்பட்டு, அதன் சொந்தக்காரப் பழங்கள் அத்தனையையும் தள்ளிவைத்துவிட்டார். (சில வகைக் கொழுப்பு மாத்திரைகளுக்கு கிரேப்ஃப்ரூட் ஆகாது என்பது உண்மை. சாதாரண ஆரஞ்சு என்ன பாவம் செய்தது?) தக்காளியும் கீரையும் வேண்டாம்: பத்து வருடத்துக்கு முன் சிறுநீரகக் கல் வந்தபோது. அந்தப் பழைய சீட்டு இன்னும் அலமாரியில் இருந்தது, எடுத்துப் பார்த்தேன். பசலைக்கீரையைக் குறைக்கவும் என்றுதான் எழுதியிருக்கிறது. மற்றதெல்லாம் அப்பா சேர்த்துக்கொண்டது. எலுமிச்சையில் இருக்கும் சிட்ரேட் பல வகைக் கற்கள் உண்டாகாமல் தடுக்க உதவும் என்பது எனக்கே இப்போதுதான் தெரியும். முட்டைக்கோஸ், பிராக்கோலி வேண்டாம்: ரத்தத்தை இளக்கும் மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு ஆகாது என்று பூங்காவில் ஒரு நண்பர் சொன்னது. அந்த எச்சரிக்கை வார்ஃபரின் என்ற வேறொரு மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு. அவர்களுக்கும்கூட, பச்சைக் காய்கறியை ஒரு நாள் அதிகம் ஒரு நாள் குறைச்சல் என்றில்லாமல் ஒரே அளவாகச் சாப்பிடச் சொல்வதுதான் வழக்கம். அப்பா சாப்பிடுவது ஆஸ்பிரின். சாப்பிடாத மருந்துக்குப் பத்தியம்! கொய்யா வேண்டாம்: விதை பல்செட்டுக்கு அடியில் போய் உயிரை எடுக்கிறது. இது ஒன்று மட்டும் முழுக்க அவருடைய அனுபவம், இதில் வாதாட ஒன்றுமில்லை.

ஒவ்வொரு "வேண்டாம்" பின்னாலும் ஒரு காரணம் இருந்தது, சிலவற்றில் நல்ல காரணமே இருந்தது. வெவ்வேறு வருடத்தில் வெவ்வேறு ஆள் சொன்னவை. ஆனால் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி, மிச்சம் என்ன இருக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை. நான் பார்க்கவில்லை. ஒரு சட்டையை முதலில் கைப்பக்கம் பிடித்துத் தைக்கலாம், அப்புறம் நீளத்தில், அப்புறம் தோளில். எல்லாரும் கொஞ்சம்தான் பிடித்தார்கள். ஆனால் ஆள் உள்ளே நுழைய முடியாது.

மிச்சமிருந்ததைக் கணக்குப் போட்டேன். ரொட்டியில் வைட்டமின் சி கிடையாது. முட்டையில் கிடையாது. டீயில், பிஸ்கட்டில் கிடையாது. காய்ச்சிய பாலில் இருப்பதைப் பெயருக்குத்தான் சொல்ல வேண்டும். ஒரு நாளுக்கு 5 மில்லிகிராம் தேறினால் அதிகம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில், போருக்குப் போக மறுத்த 20 பேர் தாமாக முன்வந்து ஒரு சோதனையில் உட்கார்ந்தார்கள்; மாதக்கணக்கில் வைட்டமின் சி இல்லாத சாப்பாடு. அதில் தெரிந்தது, ஸ்கர்வி வராமல் இருக்க நாளுக்கு 10 மில்லிகிராமே போதும் என்பது. நன்றாக இருப்பதற்கு அது போதாது என்பது வேறு விஷயம். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு 45 என்கிறது. அமெரிக்காவில் ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 75, புகை பிடிக்கிறவர்களுக்கு மேலும் 35 என்று வைத்திருக்கிறார்கள். அந்த மேலும் 35-ஐப் படித்துக் காட்டியபோது அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தினமும் இரண்டு சிகரெட் எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

பத்து மில்லிகிராம் என்பது ஒரு சின்ன உருளைக்கிழங்கு. நடுத்தர ஆரஞ்சில் ஏழில் ஒரு பங்கு. அந்த ஒரு சுளை தூரத்தைக்கூட அப்பா தாண்டவில்லை.

இனி என் பங்கைச் சொல்கிறேன். வாராவாரம் காய்கறி அனுப்பிக்கொண்டுதான் இருந்தேன். அப்பாவால் மெல்ல முடியாதே என்று நறுக்கி, தண்ணீரில் கொதிக்கவைத்து, குழைய வேகவிட்டு, தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டு, மசித்து டப்பாவில் போட்டு. அவர் அதை ஃப்ரிட்ஜில் வைத்து, நாலு நாள் சூடுபண்ணிச் சூடுபண்ணி ஒரு கரண்டி எடுத்துக்கொண்டு, மிச்சத்தைக் கொட்டிவிடுவார். வைட்டமின் சி தண்ணீரில் கரைந்துபோகும், சூட்டில் சிதையும், காற்றுப் பட்டாலும் குறையும். மூன்று வழியிலும் அதை வெளியே அனுப்பிவிட்டு வெறும் சக்கையை டப்பாவில் அடைத்திருக்கிறேன். நறுக்காமல் தோலோடு ஆவியில் வேகவைத்து, அன்றைக்கே சாப்பிட்டிருந்தால் பாதிக்கு மேலாவது தங்கியிருக்கும்.

பெரிய கப்பற்படையே இதே தப்பைச் செய்திருக்கிறது என்று படித்தபோது கொஞ்சம் ஆறுதல். 1747-இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர், ஸ்கர்வி வந்த 12 மாலுமிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து ஆறு வகை மருந்து கொடுத்துப் பார்த்தார். ஒரு ஜோடிக்குக் கடல் தண்ணீர், ஒரு ஜோடிக்கு வினிகர், ஒரு ஜோடிக்கு நீர்த்த கந்தக அமிலம் என்று போகிறது. ஒரு ஜோடிக்கு மட்டும் நாளுக்கு இரண்டு ஆரஞ்சும் ஒரு எலுமிச்சையும். ஆறே நாளில் பழம் தீர்ந்துவிட்டது, ஆனால் அதற்குள் அவர்களில் ஒருவர் வேலைக்குத் திரும்பும் அளவுக்குத் தேறிவிட்டார். இருந்தும் பிரிட்டிஷ் கப்பற்படை எலுமிச்சைச் சாற்றை முறைப்படி கொடுக்க ஆரம்பித்தது 1795-இல்தான். அப்புறம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதையும் மாற்றி, சத்து குறைவான வேறொரு வகை எலுமிச்சைக்குத் தாவினார்கள். அந்தச் சாறு காற்றுப்பட்டு, செம்புக் குழாய் வழியாக ஓடி, பாட்டிலுக்கு வரும்போது புளிப்பு இருந்தது, வைட்டமின் பெரும்பாலும் போயிருந்தது. செம்பு பட்டால் அது இன்னும் வேகமாகக் கெடும். புளித்தால் போதும், மருந்து இருக்கிறது என்று நம்பிவிட்டார்கள்.

உடம்புக்குள் அது செய்கிற வேலை தையல்காரிக்குச் சட்டென்று புரிகிற வேலை. தோல், ரத்தக்குழாய்ச் சுவர், ஈறு, எலும்பு எல்லாவற்றையும் இழுத்துக் கட்டி வைத்திருப்பது கொலாஜன் என்ற புரதம். மூன்று இழைகளை முறுக்கிய நூல் அது. முறுக்கிய நூலின் நுனியைப் பிடிக்காமல் விட்டால் என்ன ஆகும்? பிரிந்துகொள்ளும். இழைகள் பிரியாமல் பூட்டு விழ வைட்டமின் சி வேண்டும். அது இல்லாவிட்டால் உடம்பு நூற்பதை நிறுத்துவதில்லை. நொய்ந்த நூலாக நூற்றுக்கொண்டே இருக்கிறது. முதலில் பிய்வது மெல்லிய இடங்கள்: முடிவேரைச் சுற்றியிருக்கும் நுண்ணிய ரத்தக்குழாய்கள். புதுக் காயம் மூடாது. ரொம்ப முற்றினால் என்றோ ஆறிய பழைய தழும்புகூடத் திறந்துகொள்ளும். பழைய கப்பல் குறிப்புகளில் அது இருக்கிறது.

ஆடும் நாயும் பூனையும் இதைத் தம் கல்லீரலிலேயே தயாரித்துக்கொள்கின்றன. நமக்கும் குரங்குகளுக்கும் கினிப்பன்றிக்கும் சில வௌவால்களுக்கும் அந்த வேலைக்கான மரபணு எப்போதோ பழுதாகிவிட்டது. அதனால் சாப்பாட்டிலிருந்துதான் வர வேண்டும். சேர்த்து வைக்கவும் பெரிய இடம் இல்லை. நன்றாகச் சாப்பிடுகிறவர் உடம்பில் மொத்தமே 1500 மில்லிகிராம் போலத்தான் இருக்கும். சுத்தமாக நின்றுபோனால் ஒன்றிலிருந்து மூன்று மாதத்துக்குள் அறிகுறி தெரிய ஆரம்பிக்கும்.

அப்பாவின் ஹீமோகுளோபின் குறைந்ததற்கும் இதில் பங்கு உண்டு. தாவர உணவில் இருக்கும் இரும்புச்சத்தைக் குடல் உறிஞ்ச வைட்டமின் சி உதவுகிறது; டீ அதைத் தடுக்கிறது. அவர் நாளுக்கு ஆறு டீ. தோலுக்குள் கசிந்த ரத்தம் வேறு.

அப்பா மாதிரித் தனியாக இருக்கும் வயதானவர்கள்தான் இதில் சிக்குவார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். குடிப்பழக்கம் உள்ளவர்கள், டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்கள், குடல் நோயோ எடை குறைக்கும் அறுவை சிகிச்சையோ காரணமாகச் சத்து சரியாகச் சேராதவர்கள், சாப்பாட்டைக் கண்டே ஒதுங்குகிறவர்கள், காய்ச்சிய பாலை மட்டுமே குடித்து வளரும் கைக்குழந்தைகள் எல்லாரும் உண்டு. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் வழக்கத்தைவிடக் கூடுதலாக வேண்டும்.

ஒரு கூட்டத்தைப் பற்றி மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். என்னிடம் ஒரு அம்மா தன் பையனுக்குச் சட்டை தைக்க வருவார். ஆட்டிசம் உள்ள குழந்தை. காலரில் லேபிள் இருக்கக்கூடாது, உள்தையல் தோலில் உரசக்கூடாது, அதே நீலம்தான் வேண்டும். சாப்பாட்டிலும் அப்படியே, மொத்தம் மூன்றே பண்டம். மூன்றும் உலர்ந்தவை, மூன்றும் ஒரே வெளிர் நிறம். இப்படிச் சில பண்டங்களுக்குள்ளேயே நிற்கும் குழந்தைகளுக்கு ஸ்கர்வி வந்தால் முதலில் தெரிவது ஈறு அல்ல, கால். எலும்பை ஒட்டி ரத்தம் கசிந்து வலிக்கும். குழந்தை நொண்டும், இல்லை நடக்கவே மறுக்கும். பிடிவாதம் என்று தோன்றும். மூட்டு, எலும்பு, நரம்பு என்று பல பரிசோதனை முடிந்த பிறகுதான் தட்டைப் பற்றிக் கேட்பார்கள். அந்த அம்மாவிடம் நான் ஒன்றே ஒன்றுதான் சொன்னேன்: அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது அந்த மூன்று பண்டத்தின் பெயரையும் எழுதிக் கொடுங்கள். முகம் வாடிப்போனார். ஊட்டத் தெரியாத அம்மா என்று சொல்கிறேனோ என்று நினைத்திருப்பார். அப்படியில்லை என்று புரியவைக்க என் டப்பாக் கதையைச் சொல்ல வேண்டியிருந்தது.

இதற்கு நடுவில் அண்ணன் தண்ணீரில் போட்டால் நுரைக்கும் 1000 மில்லிகிராம் மாத்திரையைக் குடும்பத்துக்கே வாங்கிக் குவித்துவிட்டான். அவனோடு சண்டை போட்டதில் நானும் கொஞ்சம் கற்றுக்கொண்டேன். ஒரே நேரத்தில் ஒரு கிராமுக்கு மேல் போனால் பாதிகூட உள்ளே சேராது, மிச்சம் வீண். பெரியவர்களுக்கு நாளுக்கு 2000 மில்லிகிராம்தான் மேல் வரம்பு. தாண்டினால் வயிற்றுப்போக்கு வரும். சிறுநீரகக் கல் வந்தவர்களும், உடம்பில் இரும்புச்சத்து மிதமிஞ்சிச் சேரும் நோய் உள்ளவர்களும் தாமாகப் பெரிய அளவைத் தொடக்கூடாது. சில குளுக்கோமீட்டர்கள் வைட்டமின் சி அதிகமாக இருந்தால் சர்க்கரையைத் தப்பாகக் காட்டும். அப்பா கதையில் இந்தக் கல், சர்க்கரை இரண்டும் உண்டு. அதனால்தான் அவர் அளவை மருத்துவரே முடிவு செய்தார். சளி பிடிக்காமல் இருக்கத்தானே சாப்பிடுகிறோம் என்றான் அண்ணன். தினமும் சாப்பிட்டாலும் சாதாரண மனிதருக்குச் சளி பிடிப்பது குறைவதில்லை, பிடித்த சளி பெரியவர்களுக்குச் சுமார் 8 சதவீதம் சீக்கிரம் போகிறது என்பதுதான் பல சோதனைகளைச் சேர்த்துப் பார்த்த கணக்கு. ஒரு வாரச் சளியில் அது அரை நாள். மாரத்தான் ஓடுகிறவர்கள், கடுங்குளிரில் பயிற்சி செய்யும் ராணுவ வீரர்கள் மாதிரி ஆட்களுக்கு மட்டும் பலன் நன்றாகத் தெரிந்திருக்கிறது. அண்ணன் லிஃப்டில்தான் மாடிக்குப் போவான்.

அந்தத் தோல் மருத்துவரிடம் பட்டியல் தாளைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். அவர் ஒவ்வொரு வரியாகப் படித்துவிட்டு, என் பென்சிலையே வாங்கி அடித்துக்கொண்டு போனார். பிஸ்கட்டுக்குப் பதிலாக ஒரு முழுப் பழம் சாப்பிட்டால் சர்க்கரை தலைகீழாகிவிடாது, ஜூஸாகப் பிழிய வேண்டாம் என்றார். பசலைக்கீரை வரி நின்றது. கொய்யா வரியையும் அடிக்காமல் விட்டுவைத்தார். நூறு கிராமில் 200 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிற பழம், ஆனால் பல்செட்டின் கட்சிதான் ஜெயித்தது. அதற்குப் பதில் சிவப்புக் குடைமிளகாயைப் பொடியாக நறுக்கி முட்டையில் கடைசி நிமிடத்தில் சேர்க்கிறார். நூறு கிராமில் 120-க்கு மேல் உண்டு. ஆரஞ்சை நெஞ்செரிச்சலுக்குப் பயந்து ராத்திரியில் தொடுவதில்லை. காலையில் சாப்பாட்டுக்குப் பிறகு நாலு சுளை, தோலை உரித்து, ஸ்பூனால் நசுக்கி.

அந்தப் பேன்ட் நாலு மாதம் என் கடை அலமாரியில் கிடந்தது. வலது கால் மடித்துத் தைத்தாயிற்று, இடது காலில் குண்டூசி. போன மாதம் அதை எடுத்துக்கொண்டு போய் மறுபடி ஸ்டூலில் ஏற்றினேன். குண்டூசியை எடுக்கும் முன் காலை நன்றாகப் பார்த்தேன். தோல் தெளிவாக இருந்தது. புதிதாக முளைத்த முடிகள் நேராக இருந்தன. ஆடுதசையைச் சுற்றி இன்ச் டேப் போட்டேன். பேன்ட்டுக்கு அந்த அளவு தேவையே இல்லை.

"என்ன அளக்குற?"

"சும்மா நில்லுங்க."

"பூங்காவுல ஒருத்தர் சொன்னாரு பாப்பா, குடைமிளகாய் மூட்டுக்கு ஆகாதாம்."

வாயில் குண்டூசி இருந்ததால் எனக்குப் பேச முடியவில்லை.